கடைசிக் கோலை அடித்தது யார்?

வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு பாகைக் குளிர். அதற்குத் தப்பி ஒரு கட்டடத்துக்குள் ஓடினால், உள்ளே மின்சாரம் செலவழித்து இன்னொரு குளிரை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருடமாகியும் இது எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் கட்டடத்துக்கு அரேனா என்று பெயர். பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஏழு நிமிடம். கிழமை நாட்களில் நான் மொன்றியல் துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். சனி, ஞாயிறுகளில் இந்த அரேனாவில் கதவு திறக்கிறேன்.

கதவு திறப்பதென்றால் லேசான வேலை என்று ஊரிலிருந்து வாசிப்பவர்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மகள் டிலானிக்குப் பன்னிரண்டு வயது, ஐஸ் ஹொக்கி விளையாடுகிறாள். எங்கள் பரம்பரையில் எல்லோரும் ஐஸைச் சர்பத்துக்குள் மட்டும் கண்டவர்கள். இவள் அதன்மேல் பின்பக்கமாகச் சறுக்குகிறாள். அவளுடைய பயிற்றுநர் சில்வான், இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர், தொழில் தண்ணீர்க் குழாய் பொருத்துவது. மூன்று வருடங்களுக்கு முன் பெற்றோர் கூட்டத்தில், கதவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார். நான் கையை உயர்த்தினேன். எங்கள் கல்யாண மண்டபங்களில் வாசற்கதவடியில் நிற்பதற்கு எல்லாரையும் விடமாட்டார்கள், அது மரியாதைப்பட்ட ஆளுக்குரிய இடம். ஆகவே அடுத்த சனிக்கிழமை கோட்டுப் போட்டு, சப்பாத்து மினுக்கி, அரேனாவின் பெரிய வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் போன்ஜூர் சொன்னேன். எதிரணிக்காரருக்கும் சொன்னேன். இரண்டு கிழமை இப்படிப் போனது. மூன்றாவது கிழமை சில்வான் என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சையும் அதிலிருந்து ஐஸுக்குப் போகும் சின்னக் கதவையும் காட்டினார். ஆள் மாறும்போது திறந்து மூட வேண்டியது அந்தக் கதவு. அவர் சிரிக்கவில்லை. வாசலில் நீங்கள் நின்றது ஆட்களுக்குப் பிடித்திருந்தது என்றார். சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சின்னக் கதவடியில் நிற்கிறவர் சும்மா நிற்க முடியாதாம். பிள்ளைகளுக்கு அடிகாயம் பட்டால் பார்ப்பதும் அவர்தான். அதற்காக ஒரு முழுநாள் வகுப்புக்கு அனுப்பினார்கள், அவ்வளவும் பிரெஞ்சில். தந்த தாள்களை டிலானிதான் குசினி மேசையில் வைத்து எனக்கு வாசித்து விளங்கப்படுத்தினாள். இந்த விளையாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு காவல் இருக்கிறது. சட்டையின் முதுகில் சிவப்பாக ஒரு ‘நில்’ அடையாளம் தைத்திருக்கும், பின்னாலே வந்து இடிக்காதே என்பதற்கு. ஹெல்மெட், முகக் கம்பி, கழுத்துப் பட்டி எல்லாம் உண்டு. ஆனால் ஹெல்மெட் மண்டையைத்தான் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது என்று வகுப்பில் சொன்னார்கள். தலை அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. பிள்ளையைத் தனியே விடக்கூடாது, டாக்குத்தரிடம் காட்ட வேண்டும். ஹெல்மெட்டை வாங்கி நீங்களே வைத்திருங்கள், இல்லாவிட்டால் மற்றப் பக்கத்தால் ஐஸுக்குப் போய்விடுவார்கள் என்றும் சொன்னார்கள். இதெல்லாம் எழுதிக்கொண்டு வந்த நான் ஒரு வரியில் பேனாவை வைத்துவிட்டேன். அடிபட்டவர் எழும்புவார், கதைப்பார், நன்றாக விளையாடவும் கூடும், பிறகு அதில் ஒன்றும் ஞாபகத்தில் இராது என்று அந்த வரி சொன்னது.

யாழ்ப்பாணத்தில் எனக்குப் பதினேழு வயது. சண்டைக்காலம், லெதர் பந்து கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த ஒரே பந்து என் காதுக்கு மேலே பட்டது. ஹெல்மெட் எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஒன்று இருந்தது, அது மாஸ்டரின் மோட்டார் சைக்கிளுக்கு உரியது. விழுந்து கிடந்தவனின் முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா பருக்கி, ஏலுமோ என்று கேட்டார் மாஸ்டர். ஓம் என்றேனாம். அதற்குப் பிறகு நாற்பத்தொரு ஓட்டம் அடித்தேன். பெடியள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். முப்பது வருடமாக அந்த ஆட்டத்தை நான் சொல்லாத இடமில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் சொன்னேன். களஞ்சியத்தில் கூட வேலை செய்யும் ஹெய்ட்டிக்காரருக்குச் சொன்னேன், கிரிக்கெட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. டிலானி முதன்முதலில் ஐஸில் விழுந்து அழுத அன்றைக்கும் சொன்னேன். உண்மை என்னவென்றால், அந்த நாற்பத்தொன்றில் ஓர் ஓட்டம்கூட எனக்கு ஞாபகமில்லை. பார்த்தவர்கள் சொன்னதைத்தான் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சந்தோஷம் கூடினால் மறந்துபோகும் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. என்னிடம் இருந்த வீரம் அது ஒன்றுதான்.

போன மாசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து நேரே அரேனாவுக்குப் போனோம். அரையிறுதி. என் மனைவி றெஜினாவும் அவளுடைய தமையனும் மேலே படிகளில் இருந்தார்கள். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. எங்கள் இரண்டாவது கோலை அடித்துச் சமப்படுத்தியது டிலானி. அது போய் நாலு நிமிடம் இருக்கும், மூலையில் பக் என்கிற அந்தக் கறுப்பு றப்பர் வட்டை எடுக்க இரண்டு பிள்ளைகள் ஓடினார்கள். மற்றப் பிள்ளை சறுக்கி விழுந்து டிலானியின் கால்களை வாரிவிட்டாள். டிலானியின் தலை சுற்றுப் பலகையில் மோதியது. ஒருவரிலும் பிழையில்லை. பொத்தென்ற அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. எனக்குச் சறுக்கத் தெரியாது, சப்பாத்துடன் அடிமேல் அடி வைத்துத்தான் ஐஸில் போவேன். நான் போய்ச் சேருமுன் அவள் எழும்பி, சா வா, சா வா என்று கையை ஆட்டினாள். ஒன்றுமில்லை என்கிறாளாம். சனம் கைதட்டியது.

பெஞ்சில் இருத்தி, வகுப்பில் சொல்லித்தந்த கேள்விகளைக் கேட்டேன். பிரெஞ்சில்தான் கேட்டேன், அவள் யோசிக்கிற மொழி அதுதான். இது எந்த அரேனா என்றேன், சொன்னாள். எத்தனையாவது பாதி என்றதற்கு, பாதி இல்லை அப்பா, மூன்று பகுதி என்று திருத்தினாள். அட, பிள்ளை தெளிவாகத்தான் இருக்கிறாள் என்று மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. கடைசிக் கோலை அடித்தது யார் என்று கேட்டேன்.

"மயெலி," என்றாள், யோசிக்காமலே.

மயெலியும் எங்கள் அணிதான், பக்கத்தில்தான் இருந்தாள். அவள் டிலானியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பயந்துபோனேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. டிலானியின் ஹெல்மெட்டைக் கழற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். றெஜினா படியால் இறங்கிவந்து கண்ணாடிக்கு அப்பால் நின்று, பிள்ளை நடக்கிறாள், கதைக்கிறாள், ஒண்டுமில்லையப்பா, தைலம் பூசினால் சரி என்றாள். பின்னாலே வந்த மச்சான், கடைசி ஐந்து நிமிடம்தானே, விடுங்கோ என்றார். சில்வான் ஒருதரம் மட்டும், நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். அவர் வேறு பிள்ளையை இறக்கினார். டிலானிக்குத் தமிழ் சோறு கேட்கவும் கோபிக்கவும்தான். இப்போது தமிழில் கதைத்தாள்.

"என்னாலை ஏலும். நீங்கள் அடிபட்டாப் பிறகும் விளையாடினனீங்கள்தானே?"

ஹெல்மெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து மூடினேன். மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். தோற்றபின் ஒவ்வொரு பெற்றோராக வந்து, சரியான முடிவு என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஊரில் என்றால் நாலு பேர் வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பார்கள், நானும் திருப்பி ஏசியிருப்பேன், பின்னேரத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும். இந்த ஊர் மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், ஒருவரும் பயப்பட வேண்டாம். டாக்குத்தர் பார்த்துவிட்டுப் பாரதூரமாக ஒன்றுமில்லை, சில கிழமை விளையாட்டு வேண்டாம், கைத்தொலைபேசியும் குறைவாகவே என்றார். டிலானி கைத்தொலைபேசிக்குத்தான் அழுதாள். ஆனால் டாக்குத்தரைக் காண்பதற்கு முன் ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் காத்திருந்தோம். றெஜினா தேத்தண்ணி வாங்கப் போயிருந்தாள். டிலானி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தாள். இனியும் சொல்லாமல் விட்டால் இது பிழையாய்ப் போகும் என்று எனக்குப் பட்டது.

"அந்த நாப்பத்தொரு ஓட்டமும் எனக்கு ஞாபகமில்லை, பிள்ளை," என்றேன். "ஆக்கள் சொல்லித்தான் தெரியும்."

அவள் திரும்பினாள். "ஒண்டுமேயோ?"

"ஒண்டுமே. மாஸ்டர் என்னை வெளியிலை இருத்தியிருக்கவேணும்."

"அப்ப ஏன் எனக்குச் சொன்னனீங்கள்?"

"கேக்க நல்லா இருந்தது."

அவள் சப்பாத்து நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். பிறகு, மயெலி சொல்லித்தான் தெரிந்த தன்னுடைய கோலை தான் எப்படி அடித்தாள் என்று மெல்லிய குரலில் கேட்டாள். அதைக் கேட்கும்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. அவள் வாழ்க்கையில் அடித்த நல்ல கோல் அது. அது இப்போது என்னிடம் மட்டும்தான் இருந்தது.

நான் சொல்லத் தொடங்கினேன். இடது பக்கத்தால் வந்தாய், ஒருத்தியைச் சுற்றினாய் என்றதற்குமேல் எனக்குச் சொல் வரவில்லை. தமிழிலும் வரவில்லை, பிரெஞ்சிலும் வரவில்லை. எழும்பினேன். உருகிய பனித்தண்ணீர் தேங்கிக் கிடந்த அந்தத் தரையில், சப்பாத்தை இழுத்து இழுத்துச் சறுக்குவது மாதிரி நடந்து, இரண்டு கையாலும் இல்லாத ஸ்டிக்கைப் பிடித்து, குனிந்து, பின்னுக்கு எடுத்து வீசினேன். கையில் கட்டுப்போட்ட ஒரு கிழவர் காலை மடக்கி எனக்கு இடம்விட்டார்.

"அப்பா, அது கிரிக்கெட்," என்றாள் டிலானி. "ஒரு கையைக் கீழை இறக்குங்கோ."

நான் கையை இறக்கிக்கொண்டு, வாசற்கதவடி வரைக்கும் திரும்பிப் போய், அவளுடைய கோலை முதலிலிருந்து அடித்தேன்.