வெற்றுக் கசட்டுக்கு முதலிடம்

இசைத்தட்டுக் கடையில் நின்றவனின் காது இரண்டும் முதலாளிக்குச் சொந்தம். வாய் தன்னுடையதுதான், ஆனால் அதைத் திறந்தால் வேலை போய்விடும். கல்லாவில் நின்று பல்லைக் கடித்தவர்களே, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

எண்ணுகிற பெட்டி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் இல்ஃபோர்ட்டில் எனக்கு வேலை. எங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது. விற்கிற பாட்டை அதில் பதிந்தால்தான் சார்ட்டுக்கு, அதாவது அந்தக் கிழமை அதிகம் விற்ற பாட்டுகளின் பட்டியலுக்கு, கணக்கு. சார்ட்காரர்கள் எல்லாக் கடைக்கும் அந்தப் பெட்டியைக் கொடுக்க மாட்டார்கள்.

கிங்ஸ்பரியில் இருந்த என் சிநேகிதனின் மகள் வசந்தியும், பெற்றோல் ஷெட்டில் வேலை செய்த ரூபனும் இங்கிலிசும் தமிழும் கலந்து ஒரு சோடிப் பாட்டுப் பாடிக் கசட்டாக வெளியிட்டார்கள். சார்ட்டில் ஏறினால் அடுத்த பாட்டு, ஏறாவிட்டால் வீட்டுக்குப் போங்கள் என்று கசட் கொம்பனிக்காரன் சொல்லிவிட்டான். ரூபன் கசட் பெட்டியை என் முன்னால் இறக்கினான்.

“அங்கிள், எங்கட சனம் ஆளுக்கொண்டு வாங்கினாலே காணும்.”

ஒன்று காணும்

முதல் ஆளாக வந்தவர் கனகசபை அண்ணை. ஒன்று வாங்கினார். எனக்கு வாயெல்லாம் பல். “மகளுக்கும் ஒண்டு எடுங்கோவன்” என்றேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு, வெற்றுக் கசட் அடுக்கைக் காட்டினார். பல்லைக் கடித்தபடி அந்த அடுக்கை அப்படியே தூக்கிக் கொடுத்தேன்.

“என்னத்துக்குத் தம்பி? வீட்டில ரெண்டு கசட் போடுற செட் கிடக்கு. இல்ஃபோர்ட் முழுக்க நான் கொப்பி அடிச்சுக் குடுப்பன்.”

கையைத் தூக்குங்கோ

அடித்துக் கொடுத்தார், பாவி. மரக்கறிக் கடையில் அந்தப் பாட்டு, கலியாண வீட்டில் அந்தப் பாட்டு. எங்கள் கடை வாசல் புறாக்கள்கூட ஆண் ஒரு அடி, பெண் ஒரு அடி என்று பாடின. நம்பாதவர்கள் போய்ப் புறாவைக் கேளுங்கள். எண்ணுகிற பெட்டி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் சோற்றுக்கு நின்ற வரிசையே அதை முணுமுணுத்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “காசு குடுத்து வாங்கின ஆக்கள் கையைத் தூக்குங்கோ!” என்று கத்தினேன். கனகசபை அண்ணையின் கை மட்டும் பெருமையாக மேலே போனது. பின்னால் நின்ற ஒரு அக்கா என்னைச் சமாதானப்படுத்தினார்.

“கோவிக்காதேங்கோ அண்ணை. வாங்கேல்லைத்தான், ஆனால் பாட்டு முழுக்க எங்களுக்குப் பாடமெல்லோ!”

மாற்றித் தாரும்

ஞாயிறு பின்னேரம் ரேடியோவில் சார்ட் வாசித்தார்கள். அடியிலிருந்து நுனிவரை கேட்டேன். எங்கள் பிள்ளைகளின் பெயர் இல்லை. கொம்பனிக்காரன் சொன்னபடியே கதவைச் சாத்திவிட்டான். மறுநாள் வசந்தியும் ரூபனும் மிச்சக் கசட்டுகளைத் திரும்ப எடுக்க வந்தார்கள். வசந்தி அவற்றைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கனகசபை அண்ணை கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அன்றைக்கு வாங்கிய பாட்டுக் கசட்டை, நாடா வெளியே தொங்க, அந்தப் பிள்ளையின் கைக்குப் பக்கத்திலேயே எறிந்தார்.

“என்ன சாமான் விக்கிறீர் தம்பி? பாதி ஊருக்குக்கூட அடிச்சு முடியேல்லை, தேஞ்சு போச்சு. மாத்தித் தாரும்!”

சார்ட்காரர்கள் வெற்றுக் கசட்டையும் எண்ணியிருந்தால், அந்தக் கிழமை முதலிடம் வசந்திக்கும் ரூபனுக்கும்தான்.