முப்பத்தோரு வருஷ இருமல் மருந்து

என் சித்தப்பா ஒரு சின்ன கிளினிக்கில் கம்பவுண்டர். முன்னால் பெஞ்சு போட்ட கூடம், நடுவில் டாக்டர் அறை, பின்னால் கை கழுவும் தொட்டியோடு மருந்து அறை. அந்தப் பின்னறையில் முப்பத்தோரு வருஷமாக ஒரே இருமல் மருந்தைக் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தார். டாக்டரின் அப்பா கண்டுபிடித்த மருந்து அது. வேர்ப்பொடி, பாகு, கசப்பாக ஏதோ ஒன்று. லேபிளில் ‘குலுக்கிவிட்டுக் குடிக்கவும்’ என்று இருக்கும்.

ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு போன் செய்தார். நாங்கள் பேசுவது ஞாயிறுகளில். கடல் தாண்டி இருப்பவனுக்கு நாள் தவறி போன் வந்தால் கெட்ட செய்தி என்றுதான் அர்த்தம். யாருக்கு என்ன ஆச்சோ என்று எடுத்தால், அவர் எலுமிச்சம்பழத்தைப் பற்றிப் பேசினார்.

பத்திரிகையில் படித்தாராம். இருநூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால் ஒரு கப்பல் வைத்தியர், ஈறு வீங்கிப் படுத்துக் கிடந்த பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தாராம். ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல்தண்ணீர், இப்படி ஜோடிக்கொன்று. ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இரண்டு பேர் ஒரே வாரத்தில் தேறிவிட்டார்கள்.

“அவ்வளவுதான்டா விஷயம்! பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும். முப்பத்தோரு வருஷமா ஊத்திக் குடுக்கறேன், இது வேலை செய்யுதான்னு ஒரு நாள் பாத்ததில்ல. தெரியாமலே வீட்டுக்குப் போகச் சொல்றியா?”

டாக்டரைச் சம்மதிக்கவைக்க இரண்டு வாரம் பிடித்தது. நோயாளிகளிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும், காய்ச்சல் இருப்பவர்களைச் சேர்க்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள். ஒற்றைப்படை டோக்கன் வந்தால் பழைய மருந்து. இரட்டைப்படைக்கு அதே பாகு, அதே கசப்பு, வேர்ப்பொடி மட்டும் கிடையாது. எந்த பாட்டிலில் எது என்று சித்தப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். இருமல் எத்தனை நாளில் நின்றது என்று எழுத ஆளுக்கொரு சீட்டு. டோக்கன் கொடுப்பது வாசலில் உட்காரும் அக்கா. கிளினிக்கில் அவருக்கு வேறு பெயரே இல்லை, டோக்கன் அக்காதான்.

குளிர் முடிவதற்குள் அறுபது சீட்டு சேர்ந்தது. கூட்டிப் பார்த்தார். வேர்ப்பொடி இல்லாத பாட்டில் குடித்தவர்களுக்குச் சராசரியாக ஆறு நாளில் நின்றிருந்தது. பழைய மருந்து குடித்தவர்களுக்கு ஒன்பது நாள். மூன்று தடவை கூட்டியும் அதேதான்.

டாக்டர் சீட்டுகளை மேஜையில் போட்டார். “எங்கப்பா மருந்து இருமலைக் கூட்டுதுன்னு சொல்ல வர்றீங்களா?”

“நான் சொல்லல சார், கணக்கு சொல்லுது.”

வாசலிலிருந்து டோக்கன் அக்கா எழுந்து உள்ளே வந்தார். டாக்டரின் அப்பா காலத்து ஆள், பொறுக்கவில்லை. “அது எப்படி சார் வேலை செய்யாம இருக்கும்? பாவம், நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருமிக்கிட்டு வந்தவங்களுக்கெல்லாம் பாத்துப் பாத்து அதைத்தானே குடுத்தேன்!”

சித்தப்பா சட்டென்று அக்கா பக்கம் திரும்பினாராம்.

“எது எதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“ஒத்தை டோக்கன்காரங்க வாங்கிட்டுப் போற பாட்டில் அடியில வண்டல் நிக்குதே, கண்ணு அவிஞ்சா போச்சு? ரெண்டு நாள்லயே தெரிஞ்சுடுச்சு. லேசா செருமிக்கிட்டு வந்தவங்களுக்கு ரெட்டை டோக்கன், மோசமா வந்தவங்களுக்கு ஒத்தை.”

இன்னொரு தடவை செய்யலாம், பாட்டிலுக்குக் காகிதம் சுற்றிவிடலாம், டோக்கனை நானே கொடுக்கிறேன் என்று சித்தப்பா கெஞ்சிப் பார்த்தார். டாக்டர் கை கழுவப் போய்விட்டார். “ஒரு தடவை பாத்தாச்சு இல்ல? விடுங்க.”

அன்றும் எனக்கு போன் வந்தது. “அந்தக் கப்பல்காரர் சொன்னதைக் கடற்படை ஏத்துக்க நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சாம். ஆனா அவருக்கு டோக்கன் அக்கா இல்லடா!” அக்கா மேல் கோபப்படவும் முடியவில்லை. அவர் செய்தது நல்லதுதானே என்றார், அடுத்த மூச்சில் திட்டினார்.

பிரிவு உபசாரத்தில் சித்தப்பாவுக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். உள்ளே பன்னிரண்டு பாட்டில். அதே மருந்து. கடைசி வாரம் அவரே கலந்தது.

போன ஞாயிறு பேசும்போது சித்தி குரல் குறுக்கே வந்தது. சித்தப்பாவுக்கு நான்கு நாளாக இருமலாம். நேற்று சித்தி வற்புறுத்தி இரண்டு மூடி ஊற்றியிருக்கிறார்.

“ராத்திரி ஒரு தடவைகூட இருமலடா. மருந்துக்குக் கேட்டுடுச்சு!”

“மருந்துக்குத்தான் கேட்டுச்சுன்னு உனக்கு யாரு சொன்னா?” சித்தப்பா கத்தினார். “தானா நிக்கிற நாள் வந்துடுச்சு, நின்னுடுச்சு. ஒரே ஆளு, ஒரே பாட்டிலு! இதை வெச்சு என்னத்தைச் சொல்றது?”

“அப்ப குடிக்காம இருந்து பாத்திருக்க வேண்டியதுதானே?”

“இருந்தா மட்டும்? அப்பவும் ஒரே ஆளுதானே!”

கத்தியதில் இருமல் பிடித்துக்கொண்டது. நான் போனைக் காதில் வைத்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு, எட்டு. மூடி திருகும் சத்தம் கேட்டது.

“குலுக்கிட்டு ஊத்துடி” என்றார் எரிச்சலோடு.