பங்கருக்குள் நாகதம்பிரான்

எங்கள் நேசறிக்கு, சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கு, முதலில் சுவரும் கூரையும் இருந்தன. ஊர் வாசிகசாலை மண்டபத்தில், நல்ல ஓட்டுக் கூரைக்குக் கீழேதான் நடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கூரையே வினையாகிப் போயிற்று. பெரிய கூரை குண்டு போட மேலே வருகிறவனின் கண்ணில் குத்தும் என்று தாய் தகப்பன்மார் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். அப்படித்தான் உரும்பிராயிலிருந்து நீர்வேலிப் பக்கம் போகிற ஒழுங்கையோரம், ஒரு பனங்கூடலுக்குள், இரண்டு மாமரங்களுக்குக் கீழே நானும் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தோம்.

பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். செம்மண்ணைத் தட்டிப் பரவி விரலால் எழுதினார்கள். பனங்கொட்டைகளை அடுக்கி எண்ணிப் பழகினார்கள். பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதி என் காதைச் செவிடாக்கினார்கள். தென்னைக்குக் கீழே உதிர்ந்து கிடக்கும் குரும்பட்டிப் பிஞ்சுகளைப் பொறுக்கி, ஈர்க்கில் குத்தித் தேர் கட்டினார்கள். நான்தான் நிம்மதி கெட்டு அலைந்தேன். நேசறி ரீச்சர் என்றால் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். நானோ வானத்தைப் பார்த்துக்கொண்டு பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். அந்த எரிச்சலை யாரிடம் காட்டுவது? பிள்ளைகள் மீதே சினந்து விழுந்தேன். எனக்கு அப்போதே வாய் கொஞ்சம் நீளம்.

தகப்பன்மார் சேர்ந்து மாமரத்துக்குப் பக்கத்தில் பதுங்கிக்கொள்ள ஒரு பங்கர் வெட்டித் தந்தார்கள். 'ட' எழுத்துப் போல வளைந்த கிடங்கு, மேலே பனங்குற்றிகள், அதற்கு மேலே மண்மூடைகள். குண்டு போடும் பொம்மரின் சத்தம் கேட்டால் நான் விசில் ஊதுவேன். பிள்ளைகள் வரிசையாக ஓடி உள்ளே இறங்குவார்கள். அதையும் ஒரு விளையாட்டாகவே பழக்கினேன். எல்லோரும் பழகினார்கள், ஒருத்தியைத் தவிர.

அவளுக்கு நாலு வயது. வாழைத்தோட்டக்காரர் ஒருவரின் கடைக்குட்டி. மற்ற எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக நிற்பாள், பங்கர் என்றால் மட்டும் பின்னுக்கு நழுவிவிடுவாள். காலையில் வந்ததும் ஒரு செவ்வரத்தம்பூவைப் பங்கர் வாசலில் வைத்துக் கும்பிடுவாள். சின்னப் பிள்ளையின் விளையாட்டு என்று விட்டுவிட்டேன். உண்மையாகவே பொம்மர் வந்த நாளில் எல்லோரும் உள்ளே இறங்கிவிட்டார்கள். அவள் மட்டும் வாசலில் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். பிடித்து இழுத்தேன். என் கையைக் கடித்தாள். நான் அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கும்போதே அது தூரத்தில் எங்கோ குண்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

"ஏன் பிள்ளை உள்ளை வரேல்லை?" என்று கேட்டேன்.

"உள்ளை நாகதம்பிரான் இருக்கிறார் ரீச்சர். மிதிச்சால் கோவிப்பார்."

"ஆர் சொன்னது?"

"அம்மா."

மத்தியானம் தாய் கூட்டிப்போக வந்தபோது நான் பிடித்துக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"மாரியிலை எங்கடை வீட்டுப் பங்கருக்கை இடுப்பளவு தண்ணி நிண்டது ரீச்சர். உவள் இறங்கிக் கடதாசிக் கப்பல் விடப் பாத்தாள். நான் தோட்டத்திலை நிப்பனோ, உவளுக்குக் காவல் நிப்பனோ? உள்ளை நாகதம்பிரான் இருக்கிறார் எண்டு சொல்லிப்போட்டன். அதுக்குப் பிறகு எட்டியும் பாக்கேல்லை."

"அப்ப பொம்மர் வந்தால் வீட்டிலை என்ன செய்யிறனீங்கள்?"

"தூக்கிக்கொண்டு போய் வாழைக்குக் கீழை படுக்கிறது."

"நல்ல வேலை. பொய் எண்டு இப்பவே பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ."

அவருடைய முகம் செத்துப் போயிற்று. "சாமியின்ரை பேரிலை சொன்னதை எப்பிடிப் பொய் எண்டு சொல்லுறது? அவர் இல்லை எண்டு என்ரை வாயாலை சொல்லி, நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்டெண்டால்?"

எனக்கு விசர் வந்தது. "கண்டறியாத கதை கதையாதையுங்கோ அக்கா. பிள்ளை வெளியிலை நிண்டு செத்தால் அவர் வந்து திருப்பித் தருவாரோ?"

சொல்லியவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். அந்தப் பேரை வைத்துப் பொய் சொல்லிவிட்டேன் என்று சொல்ல எனக்கும் துணிவு வந்திருக்காது. கடைசியில் தாய்தான் வழி கண்டுபிடித்தார்.

"இல்லை எண்டு சொல்லேலாது. வேறை இடத்துக்குப் போங்கோ எண்டு கும்பிட்டுக் கேக்கலாம்."

பனங்கூடலின் மறுகரையில், வேலியோரம் ஒரு பாம்புப் புற்று இருந்தது. வந்த வெள்ளிக்கிழமை நாகதம்பிரானை அங்கே கொண்டுபோய் விடுவதென்று தீர்மானித்தோம். பிள்ளைகள் இரண்டு நாளாக வேறு வேலை பார்க்கவில்லை. உள்ளதற்குள் பெரிய குரும்பட்டித் தேராகக் கட்டி, ஓலையும் பூவும் சுற்றி வைத்தார்கள். தாய் சிரட்டையில் பால் கொண்டு வந்தார். பங்கர் வாசலில் கற்பூரம் கொளுத்தி, "இது பிள்ளையளுக்கு வேணும் அப்பனே, கோவிக்காமல் எழும்பி வாங்கோ" என்று மனம் உருகிக் கேட்டார். பிறகு அரோகரா என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் தேரை இழுத்தார்கள். அவள் முன்னால் நடந்து, குலுக்காமல் இழுக்கும்படி எல்லோரையும் அதட்டிக்கொண்டு போனாள். புற்றடியில் பாலை வார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அவள் பங்கருக்குள் இறங்கி மூலை மூலையாகப் பார்த்தாள், பிறகு உள்ளே சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது.

அடுத்த கிழமை பொம்மர் வந்தது. விசிலை ஊதினேன். பிள்ளைகள் பங்கரை நோக்கி ஓடினார்கள். அவளும் ஓடினாள், ஆனால் மற்றப் பக்கம். புற்றை நோக்கி ஓடினாள்.

மற்றவர்களை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு நானும் பின்னால் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. பொம்மர் தாழப் பதிந்து வரும் இரைச்சல் காதுக்குள் நிறைந்துவிட்டது. புற்றடியில் அவளை எட்டிப் பிடித்தபோது திரும்பி ஓட நேரம் இல்லை. நிலத்தில் தள்ளி மேலே விழுந்து படுத்தேன். ஒழுங்கைக்கு அப்பால் தோட்டத்துக்குள் விழுந்த குண்டு எங்களை ஒருதரம் தூக்கிப் போட்டது. முதுகில் மண் கொட்டியது. உயிரோடு இருக்கிறாளா என்று கையால் தடவிப் பார்த்தேன். எனக்குக் கீழே கிடந்து அவள் அழுதாள்.

"நாங்கள் எல்லாரும் உள்ளை போயிட்டம். அவர் மட்டும் வெளியிலை நிக்கிறார். அவருக்கும் அங்கை இடம் இருந்ததுதானே ரீச்சர்?"

பிள்ளையைக் காப்பாற்ற ஒருவரை வெட்டவெளிக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தோம், நானும் தாயும். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. வெட்கத்தில் நானும் அவளோடு சேர்ந்து அழுதேன்.

மறுநாள் காலை தாயும் நானும் அவளுமாகப் போய் அவரைத் திரும்பப் பங்கருக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். தேர் இல்லை, பாலும் இல்லை. "வாங்கோ, கெதியா வாங்கோ" என்று அவளே முன்னால் நடந்து கூட்டி வந்தாள்.

அதற்குப் பிறகு விசில் ஊதினால் முதலில் இறங்குகிறவள் அவள்தான். பங்கர் வளைகிற மூலையில் அவருக்கு இடம் விட்டாள். அதில் ஒருவரையும் இருக்க விடமாட்டாள், காலைக்கூட நீட்ட விடமாட்டாள். மற்றப் பிள்ளைகளும் ஒருவரோடொருவர் ஒட்டி இருந்து அந்த இடத்தைக் காத்தார்கள். முன்பு அது நான் இருக்கிற இடம். வேறு இடம் இல்லாதபடியால், பொம்மர் வந்த நாட்களில் நான் வாசல் படியில் இருந்தேன். அங்கே தலைக்கு மேலே குற்றியும் இல்லை, மண்மூடையும் இல்லை. நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் உள்ளே இருந்தபடி கையை நீட்டி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வாள்.

"பயப்பிடாதையுங்கோ ரீச்சர். அவர் உள்ளைதான் இருக்கிறார்."

ஓம் குஞ்சு என்பேன். வேறு என்ன சொல்ல.