மொழிபெயர்த்தவர் கையெழுத்து

ஆபரேஷனுக்கு முன் நோயாளி கையெழுத்துப் போடும் ஒப்புதல் பாரத்தின் அடியில் இன்னொரு கோடு உண்டு. மேலே உள்ளதை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொன்னேன் என்று மொழிபெயர்த்தவர் அங்கே கையெழுத்துப் போட வேண்டும். கிள்ளானில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில், எங்கள் வார்டில், தமிழ் என்றால் அந்தக் கோடு என்னுடையது. பதினெட்டு வருடமாகப் போடுகிறேன். மொழிபெயர்க்க எனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. தமிழச்சி, தமிழ் பேசுவாள், அது போதும் அவர்களுக்கு. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவளைக் கூப்பிட்டு நிறுத்தி, இவங்களுக்குச் சொல்லு என்பார்கள். டாக்டர் ஐந்து நிமிடம் பேசியதை அரை நிமிடத்தில் சொல்லி முடிப்பேன். அந்த வேகத்தில் எனக்குப் பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பண்டமாரானில் பள்ளி வேன் ஓட்டும் ஒரு அம்மா எங்கள் வார்டுக்கு வந்தார். ஐம்பத்தாறு வயது. பல வருடமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. செருப்பு கடித்த புண் வலது கால் பெருவிரலைக் கறுக்க வைத்து, பாதத்தைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. அப்படியிருந்தும் கட்டிலில் சாய்ந்தபடி போனில் பெற்றோர்களுக்குக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பார். எந்தப் பிள்ளை எங்கே ஏறும், எவன் பின் சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பான் என்று, வேனைத் தற்காலிகமாக ஓட்டுகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பார்.

புண்ணுக்குக் கட்டுப் போடும்போது அவர் சொன்ன ஒரு விஷயம் மறக்கவில்லை. ஒருநாள் காலையில் வேனின் பிரேக் மிதிக்க மிதிக்க உள்ளே போயிருக்கிறது. இன்றைக்கு ஒருநாள் தாங்கும், நாளைக்குக் கொண்டு வாங்க என்றிருக்கிறான் மெக்கானிக். இவர் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, பிரேக் சரியில்லை, இன்றைக்கு வேன் வராது, நீங்களே பிள்ளையைக் கொண்டுபோய் விடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். வேலைக்குப் போகும் அவசரத்தில் இருந்த அத்தனை பேரிடமும் திட்டு வாங்கியிருக்கிறார். அதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"தாங்கும்னு அவன் சொல்லிட்டான்மா. ஆனா ஏறுறது அவங்க பிள்ளைங்க இல்ல? அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

அதைச் சொன்ன மறுநாள் காலை ரவுண்டில் டாக்டர் முடிவு சொன்னார். விஷம் ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கிறது, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட வேண்டும், அன்றைக்கே. அதை அவர் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. வராந்தாவில் நின்ற மகனிடம் சொன்னார். மகனுக்கு முப்பது வயது இருக்கும், துறைமுகத்தில் கன்டெய்னர் லோரிகளுக்குக் கேட்டில் பாஸ் பார்க்கும் வேலை. கெட்ட பையன் இல்லை. அழுதான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, காலை எடுக்கப் போறோம்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க. தாங்க மாட்டாங்க. நீங்களும் நம்ம ஆளுதானே, உங்களுக்குத் தெரியாதா?"

டாக்டர் தலையசைத்தார். குடும்பம் அப்படி விரும்பினால் சரி, பக்குவமாகச் சொல்லுங்கள் சிஸ்டர், கையெழுத்து மட்டும் சீக்கிரம் வேண்டும், ஆபரேஷன் தியேட்டரில் இடம் பிடித்தாகிவிட்டது என்றார். அந்த அம்மாவுக்கு மலாய் நன்றாக வரும். ரோட்டில் போலீஸ்காரர்களிடம் மலாயில் வாதாடி ஜெயிக்கிறவர். பாசாரில் மீன் வாங்குகிற எவருக்கும் தெரிந்த ஒரு சொல் பொத்தோங். வெட்டு. அந்த ஒரு சொல்லைக் கட்டிலருகே போய்ச் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். டாக்டர் என்னைக் கூப்பிட்டது மொழி தெரியாமல் இல்லை. அதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்காகத்தான். இதை நான் அன்றைக்கே புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டுதான் போனேன்.

நான் சொன்னது இதுதான். "ஆன்டி, காலை நல்லா சுத்தம் பண்ணப் போறாங்க. கெட்டுப்போனதை எடுத்துருவாங்க. தூங்க வெச்சுருவாங்க, வலி தெரியாது."

எவ்வளவு எடுப்பார்கள் என்று கேட்டார். உள்ளே பார்த்துத்தான் தெரியும் என்றேன். வரப்போகிற ஸ்கூல் லீவு முடிவதற்குள் வண்டி ஓட்டலாமா என்று கேட்டார். பார்க்கலாம் ஆன்டி என்றேன். பொய் சொல்கிறவளின் கை எவ்வளவு இதமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவர் தோளைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவர், நிறுத்தி நிதானமாகத் தன் பெயரைத் தமிழில் எழுதினார். கீழே உள்ள கோட்டில் நான் போட்டேன்.

தியேட்டர் வாசலில் இன்னொரு வாய்ப்பு இருந்தது. என்ன ஆபரேஷன் என்று நோயாளியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் விதி. தியேட்டர் நர்ஸ் கேட்டாள். அவர் வாய் திறப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன். முழங்காலுக்குக் கீழே வெட்டுவதற்கு எங்களிடம் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. பி.கே.ஏ. என்றேன். அவள் பாரத்தில் டிக் போட்டாள். அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார், ஏதோ நல்லது நடக்கிறது என்று.

ஏன் செய்தேன் என்று பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். என் அப்பாவுக்கு நுரையீரலில் கட்டி இருந்தது அவரைத் தவிர வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சளி என்று சொன்னோம். சளிக்கு எதற்கு இத்தனை பேர் விமானத்தில் வந்து பார்க்கிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் நோயைச் சொல்லாமல் இருப்பதற்குப் பாசம் என்று பெயர். நம்ம ஆளு என்று அந்தப் பையன் சொன்னதும் யூனிபாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த வீட்டுப் பெண் மாதிரி நடந்துகொண்டேன். அந்த அம்மாவுக்கு அன்று வேண்டியிருந்தது இன்னொரு சொந்தக்காரி இல்லை. சொந்தக்காரர்கள் ஏற்கெனவே நிறைய இருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் நான் டியூட்டிக்குப் போனபோது விழித்திருந்தார். போர்வைக்கு மேலிருந்தே கையால் தடவிப் பார்த்திருக்கிறார். இரத்த அழுத்தம் பார்க்க நான் போனதும் கையை நீட்டாமல் என்னைப் பார்த்தார்.

"நீதானேம்மா சொன்னே, சுத்தம் பண்றாங்கன்னு."

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நான் மருந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கண்ணை மூடிக்கொள்வார். மகன் வந்து, உசிர் பிழைச்சதே பெரிசும்மா என்று சொன்னபோதும் அப்படித்தான் மூடிக்கொண்டார். வீட்டுக்குப் போகும் நாளில் கவுன்டரில் ஒரு காகிதம் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாள், தமிழில் எழுதிய புகார்.

அந்தப் புகாரை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி மேட்ரன் யாரிடம் கொடுத்தார் தெரியுமா? என்னிடம். வேறு யாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்? புகார் என்னைப் பற்றியது என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. வாசிக்க முடிந்தால்தானே தெரியும். நர்ஸை இங்கே மிஸ்ஸி என்பார்கள். அதில் இவ்வளவுதான் இருந்தது. என் காலை எடுக்கப் போவதாக என்னிடம் யாரும் சொல்லவில்லை. மிஸ்ஸி சுத்தம் செய்வதாகச் சொன்னார். என் மகனிடம் சொன்னார்கள். கால் என்னுடையது.

ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து எழுதினேன். நோயாளிக்குச் சிகிச்சையில் திருப்தி இல்லை என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். பதினெட்டு வருடம் அப்படித்தான் முடித்திருக்கிறேன். அன்றைக்கு முதன்முறையாக ஒரு சொல் குறையாமல், ஒரு சொல் கூடாமல் மொழிபெயர்த்தேன். அடியில், இதில் சொல்லப்பட்ட மிஸ்ஸி நான்தான், சொல்லப்பட்டது உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேட்ரன் கதவைச் சாத்தினார். ஒப்புதல் பாரத்தில் விளக்கினேன் என்று உன் கையெழுத்து இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள், அதுதான் உன்னைக் காப்பாற்றும், இப்படி எழுதினால் யாராலும் காப்பாற்ற முடியாது என்றார். என் மேல் அக்கறையில்தான் சொன்னார், அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் தலைக்கு மேலே சுவரில் எங்கள் தொழிலின் நெறிமுறை கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. நோயாளி தன் உடலைப் பற்றி அறியவும் முடிவெடுக்கவும் உரிமை உள்ளவர். மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ஒவ்வொரு வருடமும் நர்ஸ்கள் தினத்தன்று கையில் மெழுகுவர்த்தி ஏந்தி நாங்கள் உறுதிமொழி எடுப்போம். படம் பிடிப்பார்கள், கேக் வெட்டுவார்கள். சட்டத்தைக் கழற்றி உடைக்கலாம் போல இருந்தது. எழுதியதை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விசாரணை நடக்கும்போதே வார்டு முழுவதையும் நெறிமுறை பற்றிய பயிற்சிக்கு அனுப்பினார்கள். பிரிக்பீல்ட்ஸில், மாடியில் ஒரு ஹால். கீழே சேலைக் கடையில் பாட்டு போட்டிருந்தார்கள், மேலே திரையில் நெறிமுறை ஓடியது. வக்கீலுக்கு ஒன்று, இன்ஜினியருக்கு ஒன்று, கணக்காளருக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்றார் பேசியவர். பள்ளி வேன் ஓட்டுகிறவருக்கு எது என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். சட்டம் போட்டு மாட்ட அவரிடம் சுவரே இல்லை. பிரேக் போன அன்று அவர் செய்ததை இந்த ஹாலில் இருந்த எவரும் செய்ததில்லை, நான் உட்பட.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்று மகனும் டாக்டரும் சேர்ந்து சொன்னால் மொழிபெயர்க்கிற நர்ஸ் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார். குடும்பத்தின் பண்பாட்டையும் மதிக்க வேண்டும் என்றார், இந்தியக் குடும்பங்களில் இது சகஜம் என்றார், பிறகு தனியாகப் பேசலாம் என்றார். எந்தப் பண்பாடு? கால் போகிறது என்று தெரியாமல் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே போவதா பண்பாடு? எங்கள் கோழைத்தனத்துக்குப் பண்பாடு என்று பெயர் வைத்துக் கொடுத்தால் எல்லாருக்கும் வசதி. கீழே வாழையிலைச் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் சாப்பிடாமல் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வந்துவிட்டேன்.

விசாரணை முடிவு வந்தது. தகவல் பரிமாற்றத்தில் குறைபாடு. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். டாக்டரைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் சொன்னார், மொழிபெயர்ப்பு தவறிவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கடிதம் எனக்கு வேண்டியதுதான், அதில் எனக்கு வழக்கு இல்லை. என் பெயர் மட்டும் அதில் தனியாக நின்றதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

அந்த வாரம் பண்டமாரானுக்குப் போனேன். வீட்டு வாசலில் வேன் தார்ப்பாய் மூடி நின்றது. அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். மகன் வேலைக்குப் போயிருந்தான். போகச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் வேணாம். அன்னிக்கு டாக்டர் என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு. ஒண்ணும் விடாம சொல்லு."

சொன்னேன். விஷம் எதுவரை ஏறியிருந்தது, எந்த இடத்தில் வெட்டுவார்கள், ஏன் விரலோடு நிறுத்த முடியாது, வெட்டாவிட்டால் எத்தனை நாள், வெட்டினால் என்னென்ன ஆபத்து. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் மிதிக்கிற கால் அதுதான் என்பதையும் சொன்னேன். அவர் நடுநடுவே கேள்வி கேட்டார். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். பொய்க் கால் வைத்து ஓட்ட முடியுமா? ஒருநாள் தள்ளிப் போட முடியுமா, வேன் பிள்ளைகளிடம் நேரில் சொல்லிவிட்டு வர? தெரிந்ததற்குப் பதில் சொன்னேன், தெரியாததற்குத் தெரியாது என்றேன். அரை நிமிடம் இல்லை, முக்கால் மணி நேரம் ஆனது.

கேட்டு முடித்துவிட்டு வேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சரிம்மா," என்றார். "காலை எடுக்கச் சொல்லு."