கேட்டால்தான் தரும் பெட்டி

ஈமெயில் கடை நடத்துவதென்றால் அடுத்த வீட்டாரின் காத்திருப்பையும் சேர்த்துக் காத்திருப்பது. அப்படிக் கடைகளில் லைன் கிடைக்காமல் வாங்குப் பலகையில் குந்தியிருந்த உங்களுக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட நானும் என் சிநேகிதி செல்வியும் அப்படியொரு கடை வைத்திருந்தனாங்கள். ஒரு கொம்பியூட்டர், ஒரு டெலிபோன் லைன், வாற சனம் எல்லாருக்கும் ஒரே ஈமெயில் விலாசம்.

கடிதம் எங்கே நிற்கிறது?

சாம்பல்தீவு பரமேஸ்வரி அக்காவின் மகன் கனடாவில். "வந்திருக்கும், வடிவாப் பாருங்கோ" என்று கண்ணாடித் திரையையே தட்டுவா. கடிதம் நேரே இங்கே வராது, கொழும்பில் ஒரு பெரிய கொம்பியூட்டரில் தங்கி நிற்கும், எங்கள் கொம்பியூட்டர்ப் பெட்டி லைன் எடுத்து, பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி, "புதுசு ஏதும் இருக்கோ?" என்று கேட்டால்தான் அது தரும் என்று விளக்கினேன். அக்கா சொன்னா: "கேக்காட்டில் வாயே திறவாதோ? அப்ப எங்கட மனுசனை மாதிரித்தான்."

வழியை மறித்த பேத்தி

வெளிநாட்டுக்குப் புறப்பட்ட கணவனிடமிருந்து வாரக்கணக்காக ஒரு சொல்லும் இல்லாமல், கட்டைபறிச்சானிலிருந்து யோகம் ரீச்சர் லோஞ்சுப் படகில் வந்திருந்தா. அன்றைக்குப் பார்த்து, கிண்ணியா ஹனிபா நானாவின் பேத்தி பிறந்த படம் கட்டாரிலிருந்து வந்து முன்னுக்கு நின்றது. பெரிய படம். பாதி இறங்க லைன் அறும். பெட்டி திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். பின்னால் வந்த கடிதமெல்லாம் அடைபட்டுவிட்டது.

கடைசி லோஞ்சுக்கு நேரமாகி, ரீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டா. "கொஞ்சம் இருங்கோ ரீச்சர்" என்ற செல்வி, எங்கெங்கேயோ துழாவி, பெருத்த கடிதங்களை இப்போது இறக்காதே என்று பெட்டிக்குக் கட்டளை போட்டாள். படம் கொழும்பிலேயே நிற்க, சின்னக் கடிதங்கள் மளமளவென்று இறங்கின. அதில் ஒன்று: "யோகம், சுகமாய் வந்து சேர்ந்திட்டன்." ரீச்சர் செல்வியின் தோளில் முகம் புதைத்து அழுதா. படத்தை நிறுத்தியதற்கு, வாங்கில் இருந்த நானாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவருக்கும் கண் கலங்கியிருந்தது: "அவட புதினம் முதல்ல வரட்டும் மகள். என்ட பேத்தி எங்கயும் ஓட மாட்டா."

நொறுங்கிய பிறகு

பக்கத்துத் தெருவில் குண்டு வெடித்தபோது கூரை ஓடு விழுந்து கொம்பியூட்டர் நொறுங்கியது. எங்களுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் சனத்துக்குக் கொடுக்காத கடிதங்கள்? பழைய கொம்பியூட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து லைனில் பூட்டினோம். எல்லாம் திரும்ப இறங்கின. கடிதத்தை எடுத்தாலும் ஒரு பிரதியைக் கொழும்பிலேயே விட்டுவை என்று செல்வி ஆரம்பத்திலேயே பெட்டிக்குச் சொல்லி வைத்திருந்தாளாம், எனக்கே தெரியாது. தோப்பூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த கந்தையா அண்ணன், மகளின் கலியாணச் செய்தி அப்படித் தப்பியதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, என்ர காணி உறுதிப் பத்திரத்தையும் அதுக்குள்ள போட்டு வையுங்கோ."

இவ்வளவு கெட்டிக்காரப் பெட்டியும் அதைவிடக் கெட்டிக்காரி செல்வியும் இருந்தும், லைன் இல்லாத நாளில் சும்மா குந்தியிருப்பதுதான் எங்கள் தொழிலாக இருந்தது.