ஒட்டிக்கொண்ட பக்கங்கள்

போர் முடிந்து நாங்கள் வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. தகரம் போட்டுக் கொஞ்சம் ஆறியதும் அப்பா மண்வெட்டியோடு பின்வளவுக்குப் போனார். இடம்பெயரும்போது கொண்டுபோக முடியாதவற்றை அவரும் சித்தப்பாவும் பலாமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் பீப்பாவில் புதைத்திருந்தார்கள்.

அம்மா எதிர்பார்த்தது கல்யாண அல்பத்தை. அதுவும் இருந்தது, ஆனால் படங்களில் ஆட்கள் கரைந்துபோயிருந்தார்கள். அதற்கடியில் ஓர் உரப்பை நிறையச் சித்தப்பாவின் கொமிக்ஸ் புத்தகங்கள்.

சித்தப்பா, அம்மாவின் தங்கையான என் சின்னம்மாவின் கணவர். நெல் லொறி ஓட்டியவர். வவுனியாவுக்குப் போகும்போதெல்லாம் பழைய பேப்பர் கடையில் இந்தப் புத்தகங்களைத் தேடி எடுத்து வருவாராம். ஒவ்வொன்றிலும் நாலைந்து கதைகள்: ஒன்றில் பேய், ஒன்றில் இயந்திர மனிதன், ஒன்றில் வேறு கிரகம். சண்டையின் கடைசி நாட்களில் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று கானைத் தூக்கிக்கொண்டு போனவர், பிறகு வரவேயில்லை.

அதன்பின் சின்னம்மா அதிகம் பேசுவதில்லை. அந்தப் புத்தகங்களைக் கண்ட அன்றுதான் தானாக எழுந்து ஒரு வேலை செய்தார். ஈரத்தில் ஊதியிருந்தவற்றைத் தகரத்தில் பரப்பிக் காயவைத்து, சவரப் பிளேட்டால் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தார். கண்ணோரம் எறிகணைத் துண்டு பட்ட பிறகு அவருக்கு எழுத்துக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் வாசிக்கும் வேலை என்னுடையதாயிற்று.

அவருக்குப் பிடித்தது ஒரேயொரு கதை. ஒருவன் விண்கலத்தில் ஏறித் தூரத்துக் கிரகத்துக்குப் போகிறான். அவனுக்கு அங்கே மூன்று நாள். இங்கே பூமியில் வருடங்கள் ஓடுகின்றன. அவன் மனைவி, கலம் புறப்பட்ட வெட்டவெளியில் தினமும் வந்து நிற்கிறாள். அதோடு சரி. மிச்சப் பக்கங்கள் பலகைபோல ஒட்டிக்கிடந்தன. பிளேட் வைத்தால் கிழிந்தன.

"அந்தாள் திரும்பி வந்தவரோ பிள்ளை?"

தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கம். "ஓம், வந்தவர்" என்றேன்.

"காயம் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை. போன மாதிரியே வந்தவர்."

மறுநாளும் அதே கதையைக் கேட்டார், அதற்கு மறுநாளும். "வந்தவுடனை சாப்பிட்டவரோ?" என்பார். புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டார் என்பேன். விண்வெளி மனிதன் புட்டுச் சாப்பிடுவது எனக்குச் சிரிப்பாக இருக்கும். சின்னம்மா சிரிக்கமாட்டார். என்ன மீன் என்று கேட்பார்.

அந்த நாட்களில் கிராம அலுவலரான விதானையார் இரண்டு தரம் வந்துபோனார். வீட்டுத்திட்டத்தில் சின்னம்மாவின் பெயரைச் சேர்க்கச் சித்தப்பாவின் மரணப் பத்திரம் வேண்டுமாம். அப்பா பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா அழுது பார்த்தார். சின்னம்மா தலையை ஆட்டிவிட்டுப் புத்தகங்களிடம் போய்விடுவார்.

ஒருநாள் பின்னேரம் பிள்ளைகள் வாய்க்காலில் குளிக்கப் போனார்கள். வேலிக்கு அப்பால் நின்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் கதையில் விண்கலம் புறப்படும் இடத்தில்தான் நின்றேன். புட்டு, மீன் எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் போய்விடுவார்கள்.

"அவர் வரேல்லை சின்னம்மா. கலம் வழியிலை எரிஞ்சுபோச்சு. கதை முடிஞ்சுது."

"அப்பிடியோ போட்டிருக்கு?"

"ஓம்."

சின்னம்மா ஒட்டிக்கிடந்த பக்கங்களின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"அப்ப அவள் இவ்வளவு காலமும் சும்மாவோ நிண்டவள்?"

நான் அதற்குள் வேலியைத் தாண்டிவிட்டேன்.

அடுத்தநாள் விடியவே சின்னம்மா தலைமுழுகி, மடித்து வைத்திருந்த சேலையை உடுத்தி, அப்பாவின் முன்னால் வந்து நின்றார். "அத்தான், விதானையாரிட்டைப் போவம்."

என்னையும் கையில் பிடித்துக்கொண்டுதான் போனார். விதானையார் படிவத்தை ஒவ்வொரு வரியாக வாசித்துக் கேட்டார். இறந்த இடம் எது என்ற கேள்விக்கு அப்பா, கூட வந்த அம்மாவைப் பார்த்தார். "தண்ணி அள்ளப் போன இடம்" என்றார் சின்னம்மா. அம்மா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டார். விதானையார் கையெழுத்து வைக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்ட, சின்னம்மா அந்த விரலுக்குப் பக்கத்தில் தன் பெயரைக் கோணலாக எழுதினார்.

அவர் எப்படியும் ஒருநாள் கையெழுத்து வைத்திருப்பார் என்று அப்பா பின்னாளில் சொன்னார். கதையின் முடிவைப் பற்றி அப்பாவிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திரும்பி நடக்கையில் சின்னம்மாவின் கை குளிர்ந்திருந்தது. அவரைச் சந்தோசப்படுத்த நினைத்து, "வீட்டை போய் வேறை கதை வாசிக்கட்டோ?" என்று கேட்டேன்.

"காணும் பிள்ளை. இனி வாசிக்க வேண்டாம்."

எனக்கு மனம் துள்ளியது. இனிப் பின்னேரங்கள் எல்லாம் என்னுடையவை. அவர் கையை உதறிவிட்டு, வரம்பு வழியே வீடுவரை ஓடினேன்.