பையில் ஒரு சேவல் கழுத்து

கொட்டாஞ்சேனைக் கோழிக்கடையில் வெள்ளை புரொயிலர் கூடுகளுக்கு நடுவே ஒரேயொரு கிழட்டுச் செஞ்சேவல்! கழுத்து இறகு வெயிலில் செம்பாய் மின்னுகிறது. நுவரெலியா ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிக்க, தூண்டில் முள்ளில் இறகு சுற்றிப் பொய் ஈ கட்டுகிறவன் நான். இளங்கோழி இறகு நனைந்தால் தொய்ந்துவிடும். முற்றிய சேவலின் இறகுதான் விறைப்பாய் மிதக்கும்.

"முழுச் சேவலுக்கும் காசு தர்றேன். கழுத்துத் தோல் மட்டும் போதும், அண்ணே."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். "செய்வினைக்கோ, தம்பி?"

"மீனுக்கு."

"மீனுக்குப் புழுவெல்லோ போடுறது?"

சேவலை அறுத்து அவர் தோலைத் தந்ததும், ஓர் இறகைப் பிடுங்கி உதட்டில் வைத்துப் பார்க்கிறேன். குத்துகிறது! சட்டைப்பையிலிருந்த முள்ளில் அதை நூலால் சுற்றிக் கோழிகளின் தண்ணீர்ச் சட்டியில் விடுகிறேன். உயிருள்ள ஈ போலவே நிற்கிறது. கூட்டுக்குள்ளிருந்து ஒரு கோழி கொத்தப் பாய, பதறிப்போய் எடுக்கிறேன். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"சந்தியில பையைத் திறக்கச் சொல்லுற ஆமிக்காரனுக்கும் இப்பிடியே செய்து காட்டுங்கோ!"

காலையில் இரண்டு இராணுவச் சோதனைச்சாவடிகளில் பையைத் திறக்கும்போது வியர்த்து வழிந்தவன் நான். இப்போது தோலைப் பையில் போட்டுக்கொண்டு, சந்தியிலிருக்கும் மூன்றாவதை நோக்கி வேகமாக நடக்கிறேன். இன்றைக்குப் பார்த்து, திறக்கச் சொல்லாமல் விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.